ஆர்-ஸ்கொயர் 0.9 வந்தால் மாடல் நன்றாகப் பொருந்துகிறது என்று அர்த்தமா?

அந்த ஒரு எண்ணை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. கணிக்க வேண்டிய மதிப்பின் ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு பங்கை மாடல் விளக்குகிறது என்பதுதான் ஆர்-ஸ்கொயர். சம்பந்தமே இல்லாத மாறியைச் சேர்த்தாலும் அது குறையாது, கொஞ்சம் ஏறத்தான் செய்யும். 1973-ல் புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம்ப் காட்டிய நான்கு தரவுத் தொகுப்புகளிலும் ஆர்-ஸ்கொயர் சுமார் 0.67, பொருத்திய நேர்கோடும் ஏறக்குறைய ஒன்றே, ஆனால் வரைந்து பார்த்தால் ஒன்று வளைவு, இன்னொன்றில் ஒற்றைப் புள்ளிதான் கோட்டையே தீர்மானிக்கிறது!

அதனால் எச்சங்களை, அதாவது உண்மை மதிப்பிலிருந்து கணித்த மதிப்பைக் கழித்தால் மிஞ்சுவதை, கணித்த மதிப்புக்கு எதிராக வரையுங்கள். பூஜ்ஜியத்தைச் சுற்றி ஒழுங்கில்லாமல் சிதறியிருந்தால் சரி. வளைந்து தெரிந்தால் நேர்கோடு போதவில்லை. விசிறி போல விரிந்தால் பிழையின் பரவல் சீராக இல்லை, வழக்கமான பி-மதிப்புகளை (ஒரு மாறியின் விளைவு வெறும் தற்செயலா என்று மதிப்பிட உதவும் எண்களை) அப்படியே நம்பாதீர்கள். அப்புறம், மாடல் பார்க்காத தரவில் ஆர்எம்எஸ்இ, அதாவது பிழைகளின் வர்க்கங்களுடைய சராசரியின் வர்க்கமூலம், எவ்வளவு என்று பாருங்கள். எனக்கு அதுதான் பிடிக்கும், பிழையை, கணிக்கும் மதிப்பின் அதே அலகில் சொல்லிவிடும்.