கண்காணிப்பாளர் நாற்காலிக்கு ஒரு பயிற்சி: கேள்வி பதில்

இணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சர்வீஸில் பாதிக்கு மேல் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும்தான் போனது, அதிலும் 2004க்கு முன்னால் இரண்டும் ஒரே மாவட்டம். சுகாதாரத் துறையில் மேல் பதவிக்கு வருகிறவர்களுக்கான தலைமைப் பயிற்சி பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (அரூர்): சார், இருபது வருடம் சர்ஜனாக இருந்துவிட்டேன். போன மாதம் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் ஆக்கிவிட்டார்கள். பயிற்சிக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. இந்த வயதில் எனக்கு இது தேவையா?

தேவை டாக்டர். தியேட்டரில் கையை நீட்டினால் கருவி வரும், இந்த நாற்காலியில் கையை நீட்டினால் ஃபைல்தான் வரும், அதுவும் மூன்று நாள் கழித்து. எம்பிபிஎஸ்ஸில் ஐந்தரை வருடம், மேற்படிப்பில் மூன்று வருடம், இதில் ஒருநாளாவது யாராவது நமக்கு டெண்டர் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்களா? 1998ல் வந்த டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியாமல், கிளார்க் பென்சிலில் டிக் அடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனால், பென்ஷன் பேப்பர் நகரும் நேரம் பார்த்து ஆடிட் ஆட்சேபணை வந்து நிற்கும். மனிதர்களை நடத்துவது எல்லாம் அப்புறம், முதலில் பணம் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று கற்றுக்கொண்டு வாருங்கள்.

கேள்வி (காவேரிப்பட்டினம்): டெல்லி, ஹைதராபாத், சென்னை, ஆன்லைன் என்று நாலு பேர் நாலு சொல்கிறார்கள். எது நல்லது?

டெல்லியில் தேசிய சுகாதார குடும்ப நல நிறுவனம், ஹைதராபாத்தில் நிர்வாகப் பணியாளர் கல்லூரி, சென்னையில் அண்ணா மேலாண்மை நிலையம், எல்லாமே நல்ல இடங்கள்தான். அரசு ஊழியர்களின் பயிற்சிக்காக மத்திய அரசு 2020ல் ஆரம்பித்த கர்மயோகி திட்டத்தின் ஆன்லைன் பாடங்கள் விதிகளைத் தெரிந்துகொள்ள உதவும். ஆனால் ஆள் நடத்தும் வித்தையை ஃபோனில் வீடியோ ஓட்டிக் கற்க முடியாது. எங்கே போனாலும் உங்கள் மருத்துவமனையின் தீராத பிரச்சினை ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். வெறுங்கையோடு போனால் நல்ல சாப்பாடு, ஒரு பை, ஒரு குரூப் போட்டோ, அவ்வளவுதான்.

கேள்வி (பென்னாகரம், வட்டார மருத்துவ அலுவலர்): சார், எனக்குக் கீழே இருப்பவர்களைச் சமாளித்துவிடுகிறேன். எனக்குக் கீழே இல்லாதவர்கள்தான் பிரச்சினை. ராத்திரி கேஸ் அனுப்பினால் மேல் மருத்துவமனையில் திட்டுகிறார்கள்.

நல்ல கேள்வி, வகுப்புகளில் இதைத்தான் தொடமாட்டார்கள். நம் மாநிலத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதார இயக்குநரகத்தின் கீழ், தாலுகா மருத்துவமனை மருத்துவப் பணிகள் இயக்குநரகத்தின் கீழ், மெடிக்கல் காலேஜ் மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ். மலைக்கிராமத்திலிருந்து வலியோடு வருகிற ஒரு கர்ப்பிணி ஒரே ராத்திரியில் மூன்று இயக்குநரகங்களைத் தாண்டலாம். இந்த மூன்று பேருக்கும் பொதுவாக மாவட்டத்துக்குள் ஒரு தலைவர் உண்டா என்றால் கலெக்டர்தான், அவரை ராத்திரி இரண்டு மணிக்கு ரெஃபரல் சண்டைக்கு எழுப்ப முடியுமா?

ஆகவே அங்கே அதிகாரம் செல்லாது, பழக்கம்தான் செல்லும். பகலில், எந்த அவசரமும் இல்லாத நாளில், மெடிக்கல் காலேஜ் பிரசவ வார்டுக்கு ஒருமுறை போங்கள். டூட்டி டாக்டரைப் பாருங்கள், "எங்களிடமிருந்து வருகிற சீட்டில் உங்களுக்கு என்ன தகவல் இல்லை?" என்று கேளுங்கள். நான் கேட்டபோது வந்த பதில், "எந்த ஊசி எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று எழுதவே மாட்டீர்களே சார்." நாங்கள் அதை எழுத ஆரம்பித்தோம், ஆம்புலன்ஸ் கிளம்பும்போதே ஃபோனும் பண்ணினோம், திட்டு பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி அவர்களுக்குப் படுக்கை இல்லாத கோபம், அதற்கு நம்மிடம் மருந்து இல்லை.

கேள்வி (ஓசூர்): மெமோ கொடுத்தால் சங்கம் வருகிறது, கொடுக்காவிட்டால் பயம் போய்விடுகிறது. எப்போது 17பி, அதாவது பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு மெமோ, கொடுப்பது?

பணம் வாங்கினால், குடித்துவிட்டு டூட்டிக்கு வந்தால், யோசிக்காமல் கொடுங்கள். மற்றதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு தாலுகா மருத்துவமனைக்கு ஆய்வுக்குப் போயிருந்தேன். பிரசவ அறை ஃபிரிட்ஜைத் திறந்தால், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் ஆக்சிடோசின் ஊசிக்குப் பக்கத்தில் ஒரு டிபன் பாக்ஸும் மல்லிகைப் பூப் பொட்டலமும். அந்த ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கதவில் தொங்கிய அட்டையில் காலை 4 டிகிரி, மாலை 4 டிகிரி என்று அழகாக எழுதிக் கையெழுத்தும் ஆகியிருந்தது. அன்றைக்கு வியாழக்கிழமை, அட்டை வரப்போகிற ஞாயிறு வரைக்கும் நிரம்பியிருந்தது! தடுப்பூசி அறையிலிருந்து வேறு தெர்மாமீட்டர் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் 13 டிகிரி.

17பி வாய்வரைக்கும் வந்துவிட்டது. எதற்கும் கேட்போம் என்று அந்த சிஸ்டரை உட்காரச் சொல்லிக் கேட்டேன். தெர்மாமீட்டர் கெட்டு மூன்று மாதம், இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஃபிரிட்ஜ் ஜெனரேட்டர் லைனில் இல்லை, கரண்ட் போனால் போனதுதான். முன்பு ஒருமுறை அட்டையைக் காலியாக விட்டதற்கு ஓர் அதிகாரி மெமோ கொடுத்திருக்கிறார், நிரப்பி வைத்ததற்கு யாரும் ஒன்றும் கேட்டதில்லை. பொய் எழுத அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நாம்தான். அங்கிருந்த ஊசியை எல்லாம் மாற்றச் சொன்னேன், மாலைக்குள் புது தெர்மாமீட்டர் வந்தது, பிளக்கை ஜெனரேட்டர் லைனுக்கு மாற்றினோம், டிபன் பாக்ஸுக்கு ஓய்வறையில் ஓர் அலமாரி கொடுத்தோம். அளக்க முடியாவிட்டால் கட்டத்தைக் காலியாக விட்டுக் காரணம் எழுதுங்கள், மெமோ வராது என்றும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாத அட்டையில் ஐந்து கட்டம் காலி. எனக்கு அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்.

கேள்வி (பாலக்கோடு, நர்சிங் சூப்பிரண்டு): சார், பயிற்சிக்கு எப்போதும் டாக்டர்களைத்தான் அனுப்புகிறார்கள். வார்டை ஓட்டுவது நாங்கள்தானே?

நீங்கள் சொல்வது சரிதான் அம்மா. உங்களையும் நிர்வாக அலுவலரையும் விட்டுவிட்டு டாக்டரை மட்டும் அனுப்புவது மாட்டை விட்டுவிட்டு வண்டியை மட்டும் பழக்குகிற கதை. எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

கேள்வி (தேன்கனிக்கோட்டை): பயிற்சி முடிந்து திரும்பியாயிற்று. திங்கட்கிழமை முதல் வேலையாக என்ன செய்யட்டும்?

மீட்டிங் போடாதீர்கள். காலை ஏழரைக்கு ஓபி சீட்டு வரிசையில், கன்னடமோ தெலுங்கோ மட்டும் பேசுகிற ஒரு பாட்டிக்குப் பின்னால் நின்றுகொள்ளுங்கள். சீட்டு, டாக்டர், ரத்தப் பரிசோதனை, மருந்து என்று அவர் எந்தெந்தக் கவுண்டருக்குப் போகிறார், எங்கே தவறான வரிசையில் நிற்கிறார், எத்தனை பேர் கையைக் காட்டி "அங்கே போ" என்கிறார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். உங்களை அடையாளம் கண்டு யாராவது நாற்காலி கொண்டுவந்தால் அதில் பாட்டியை உட்கார வையுங்கள்.