வீதி இரைச்சலுக்கு எந்தக் கண்ணாடி?

மலையகத்து ஹட்டனில் மெயின் ரோட்டோரப் படுக்கையறைக்குள் வரும் லொறிச் சத்தத்தைக் குறைக்க, 6 மில்லிமீற்றர் இடைவெளி உள்ள இரட்டைக் கண்ணாடியா, லெமினேட்டட் கண்ணாடியா என்று கேட்டிருக்கிறீர்கள். லெமினேட்டடே போடுங்கள். 6.38 மில்லிமீற்றர் கனம் கேளுங்கள்: இரண்டு 3 மில்லிமீற்றர் கண்ணாடிக்கு நடுவே 0.38 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் படலம். அதிர்வை அடக்குவது அந்தப் படலம்தான். இடைவெளி குறைந்த இரட்டைக் கண்ணாடி குளிருக்கு நல்லது. ஏற்றத்தில் லொறி கியரைக் குறைத்து உறுமுகிற அந்த அடித்தொனிக்கு அவ்வளவாக உதவாது.

ஆனால் பழைய பலகை ஜன்னல் என்று எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் முழுக்க அதில்தான். மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கிய பலகை நிலையோடு ஒட்டாது.

காசு கொடுக்கும் முன், காற்றடிக்கும் நேரமாகப் பார்த்து ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு ஜன்னல் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். புகை சட்டென்று வளைகிற இடத்தில் இடுக்கு இருக்கிறது, சத்தமும் அதே வழியாகத்தான் வரும். அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டி ஓர் இரவு படுத்துப் பாருங்கள். நன்றாகக் குறைந்தால் முதலில் இடுக்கை அடைக்கும் றப்பர் பீடிங் (றப்பர் பட்டி), அப்புறம் கண்ணாடி.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இறுக அடைத்த அறையில் குளிருக்காகக் கரிச்சட்டியோ காஸ் ஹீட்டரோ வைத்துத் தூங்கவே கூடாது.