இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு ஓர் உறுதிப்படுத்தல் பத்திரம்: பாடலாசிரியர் ஒருவருக்குப் பதில்

கேள்வியின் சுருக்கம்: மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த நான் முப்பது ஆண்டுகளாகப் பாட்டெழுதி வருகிறேன். கரகாட்ட மேடைகள், பக்திப் பாடல் கேசட்டுகள், தேர்தல் பிரசாரம், இரண்டு திரைப்படங்கள் என எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறேன். 2003இல் ஒரு கேசட் கம்பெனிக்கு எட்டுத் தெம்மாங்குப் பாடல்களை எழுதிக் கொடுத்து 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, “சகல உரிமைகளையும் முழுமையாகக் கொடுத்துவிட்டேன்” என்று முத்திரைத்தாளில் கையெழுத்திட்டேன். அவற்றில் ஒரு பாட்டின் பல்லவியை 2009இல் ஐயப்பன் பாட்டாக மாற்றி வேறொரு கம்பெனிக்குக் கொடுத்தேன். இப்போது வெளியாகியுள்ள ஒரு படத்தில் அந்தத் தெம்மாங்குப் பல்லவி வரி மாறாமல் வருகிறது. பாடலாசிரியர் என்று வேறொருவர் பெயர் போட்டிருக்கிறார்கள். கேட்டால், கேசட் கம்பெனியிடம் உரிமம் வாங்கிவிட்டோம் என்கிறார்கள். இசையமைப்பாளர் என் வீட்டில் சாப்பிட்டவர். போலீஸில் புகார் கொடுத்து, ஓ.டி.டி.யில் படத்தையும் நிறுத்த வேண்டும். இதற்கிடையில் கேசட் கம்பெனி ஓர் உறுதிப்படுத்தல் பத்திரத்தில் கையெழுத்திட்டால் 25,000 ரூபாய் தருவதாக ஆள் அனுப்பியிருக்கிறது. அதை வாங்கிக்கொண்டே வழக்கும் போடலாமா?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி இசையமைப்பாளரின் நன்றி மறந்த குணத்தைப் பற்றியும், பாடல் வெளியீட்டு விழாவுக்கு உங்களை அழைக்காததைப் பற்றியும் இருக்கிறது. வருத்தம் நியாயமானதுதான்; ஆனால் வழக்கில் அதற்கு இடமில்லை. நீதிமன்றம் பார்க்கப்போவது ஒன்றை மட்டுமே: அந்தப் பல்லவி படத்தில் சேர்க்கப்பட்ட நாளில் அந்த வரிகளின் பதிப்புரிமை யாரிடம் இருந்தது? உங்கள் வெற்றியும் தோல்வியும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். அதற்கான விடையை மாற்றக்கூடிய தாள் நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கும் அந்த உறுதிப்படுத்தல் பத்திரம்தான்.

முதலில் 2003ஆம் ஆண்டுத் தாள். நீங்கள் அனுப்பிய நகலைப் படித்தேன். எட்டுப் பாடல்களின் பெயர்கள் இருக்கின்றன, தொகை இருக்கிறது, உரிமைகள் முழுமையாகக் கொடுக்கப்பட்டதாக வாசகம் இருக்கிறது. எத்தனை காலத்துக்கு என்பதும், எந்த நாடுகளுக்கு என்பதும் எங்கும் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 19(5) பிரிவின்படி, கால அளவு சொல்லப்படாத உரிமை மாற்றம் ஐந்தாண்டுகளுக்கு மட்டுமே என்று கொள்ளப்படும். 19(6) பிரிவின்படி, நிலப்பரப்பு சொல்லப்படாவிட்டால் அது இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். ஆகவே 2008இல் அந்த எட்டுப் பாடல்களின் எழுத்துரிமை உங்களிடம் திரும்பிவிட்டது என்பதும், சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, வளைகுடா நாடுகளுக்கான உரிமை ஒருநாளும் கம்பெனியிடம் போகவே இல்லை என்பதும் உங்கள் வாதம். “முழுமையாக” என்றாலே காலத்தையும் சேர்த்துத்தான் என்று எதிர்த்தரப்பு வாதாடும். ஆயினும் உங்கள் பக்கம் வலுவானது என்பதே என் கருத்து. இந்த இரு உட்பிரிவுகளும் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக 10.5.1995 முதல் நடைமுறைக்கு வந்தவை. அதற்கு முன் எழுதிக் கொடுத்தவற்றுக்குப் பொருந்தா. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுதிக் கொடுத்த பக்திப் பாடல்களையும் இந்த வழக்கிலேயே சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது.

சினிமாவுக்கு எழுதியவருக்குத்தான் உரிமை அதிகம் என்று உங்களைப் போலவே பலரும் நினைக்கிறார்கள். உண்மை நெடுங்காலம் நேர்மாறாக இருந்தது. தயாரிப்பாளர் பணம் கொடுத்துத் தம் படத்துக்காக எழுதச் செய்த பாட்டுக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர் ஆகக்கூடும் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2012 ஜூன் 21இல் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை திரைப்பாடலாசிரியர்கள் அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் இருந்தார்கள். அந்தத் திருத்தத்துக்காக மாநிலங்களவையில் வாதாடியவர் ஜாவேத் அக்தர் என்ற ஒரு பாடலாசிரியர்தான். கேசட்டுக்கு எழுதியவருக்கு அந்தத் தொல்லை இல்லை: பாட்டின் வரிகளுக்கு முதல் உரிமையாளர் எழுதியவரே, கம்பெனிக்குச் சொந்தமானது ஒலிப்பதிவு மட்டும், வரிகள் அதற்குப் போக வேண்டுமானால் நீங்கள் எழுத்தில் மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். பாபநாசம் சிவன் கீர்த்தனையும் திரைப்பாட்டும் எழுதினார், கண்ணதாசன் திரைப்பாட்டோடு பக்திப் பாடல்களும் எழுதினார். துறைவிட்டுத் துறை மாறி எழுதுவது நம் மரபில் புதிதல்ல. எழுதும் கை ஒன்றாக இருந்தாலும், ஒவ்வொரு துறையிலும் உரிமை நிற்கும் இடம் வேறு என்பதைத்தான் எழுதுபவர்கள் கவனிப்பதில்லை. உங்கள் தேர்தல் பாட்டுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். எழுத்தில் எதுவும் இல்லாததால் உரிமை மாறவில்லை, அந்தத் தேர்தலுக்குப் பயன்படுத்திக்கொள்ள வாய்மொழி அனுமதி கொடுத்ததாக மட்டும் கொள்ளப்படும்.

இனி ஆபத்துக்கு வருகிறேன். இத்தனை ஆண்டுகள் உங்களைத் தேடாத கம்பெனி இப்போது ஏன் பணத்தோடு ஆள் அனுப்புகிறது என்று யோசித்தீர்களா? படத்தை வாங்கும் ஓ.டி.டி. நிறுவனம், ஒவ்வொரு பாட்டின் உரிமையும் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதற்குத் தயாரிப்பாளரிடம் ஆவணம் கேட்கும். தயாரிப்பாளர் கேசட் கம்பெனியைக் கேட்பார். கம்பெனி தன் வக்கீலிடம் 2003ஆம் ஆண்டுத் தாளைக் காட்டும். நான் கண்ட ஓட்டையை அவரும் கண்டிருப்பார். அந்த ஓட்டையை அடைக்க உலகத்தில் ஒரே ஒருவருடைய கையெழுத்துத்தான் உதவும். அதன் விலையாகத்தான் 25,000 ரூபாய் பேசப்படுகிறது.

இத்தகைய பத்திரங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். “புதிதாக எதுவும் கேட்கவில்லை ஐயா, பழையதை ஃபைலுக்காகப் புதுப்பிக்கிறோம்” என்றுதான் கொண்டுவருவார்கள். உள்ளே படித்தால், 2003 முதல் இடைவிடாமல் உரிமை கம்பெனியிடமே இருந்துவருகிறது என்று நீங்கள் ஒப்புக்கொள்வதாக ஒரு பத்தி இருக்கும். அந்த ஒன்றே உங்கள் ஐந்தாண்டு வாதத்தை உங்கள் வாயாலேயே முடித்துவிடும். அடுத்த பத்தியில், நிரந்தரமாகவும், உலகம் முழுவதற்கும், இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஊடகங்கள் உட்பட எல்லாவற்றுக்கும் உரிமை தருவதாக எழுதியிருப்பார்கள். கம்பெனியிடம் உரிமம் பெற்ற எவர்மீதும் உங்களுக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வரி, பார்க்க எளிய வரி, தயாரிப்பாளரையும் இசையமைப்பாளரையும் ஒரே மூச்சில் விடுவித்துவிடும். பின்னிணைப்பில் எட்டுப் பாடல்களோடு “மற்றும் இதர பாடல்கள்” என்று முடிந்திருந்தால், நீங்கள் அந்தக் கம்பெனிக்கு எழுதாத பாடல்களுக்கும் அவர்கள் உரிமை கொண்டாட வழி பிறக்கும். மேடைப் பாடலாசிரியர் ஒருவர், குடும்பத்தில் அவசரம் என்று இப்படிப்பட்ட தாளில் கையெழுத்திட்டுவிட்டு மறுமாதம் என்னிடம் வந்தார்; எதிர்த்தரப்பு அந்தத் தாளைத் தாக்கல் செய்த பிறகு அவருடைய வழக்கில் பேசுவதற்கு எனக்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

சட்டம் தடுக்காதா என்று கேட்பீர்கள். 2012 திருத்தத்துக்குப் பின், ராயல்டியில், அதாவது பாட்டைப் பயன்படுத்துவோர் தரும் தொகையில், சம பங்கு பெறும் உரிமையை வாரிசுகளுக்கோ, எழுதியவர்கள் சார்பில் அதை வசூலிக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு எவருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. எழுதினாலும் அது செல்லாது. இது உண்மை. ஆனால் ராயல்டிப் பங்கு வேறு, உரிமை வேறு. யாருக்கு உரிமம் தருவது, என்ன விலைக்குத் தருவது, எதற்கு மறுப்பது என்ற அதிகாரம் கையெழுத்தோடு போய்விடும். ஆசிரியர் என்று பெயர் போடக் கோரும் 57ஆம் பிரிவு உரிமை, பதிப்புரிமையை மாற்றிக் கொடுத்த பிறகும் எழுதியவரிடமே நிற்பது; அதையும் விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினால் பின்னர் அது செல்லுமா என்பதை வாதாடித்தான் முடிவு காண வேண்டியிருக்கும். செல்லாது என்று நிரூபிக்கும் செலவு உங்களுடையது. ஆகவே உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு வழக்குப் போட முடியாது. முன்பணம், செலவுக்கு, பொங்கல் பரிசு என்று எந்தப் பெயரில் தந்தாலும் வாங்காதீர்கள். ரசீது என்று சொல்லி நீட்டும் தாளிலும் கையெழுத்திடாதீர்கள்.

இரண்டாவது ஆபத்து நீங்களே உண்டாக்கியது. அதே பல்லவியை 2009இல் இன்னொரு கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறீர்கள். 2008இல் உரிமை உங்களிடம் திரும்பியது என்றால் அதைக் கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் எப்படிக் கொடுத்தீர்கள்? அந்தத் தாளில் “நிரந்தரமாக” என்ற ஒரு சொல் இருந்து, பல்லவி வரிகளும் அதற்குள் அடங்கியிருந்தால், இன்று அந்த வரிகளின் உரிமையாளர் பக்திப் பாடல் கம்பெனிதான். பெயருக்கான கோரிக்கை தவிர வேறெதற்கும் உங்களுக்கு வழக்காடு தகுதி இருக்காது. அந்தத் தாள் எங்கே என்று தெரியவில்லை என்கிறீர்கள். மேடைக்கு எழுதியதைச் சாமிப் பாட்டாகவும், சாமிப் பாட்டைக் கட்சிப் பாட்டாகவும் மாற்றிக் கொடுத்து வாழ்ந்தவர்களின் வழக்குகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உடைகின்றன. எதிர்த்தரப்பு அதைக் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் கண்டுபிடித்தாக வேண்டும்.

மூன்றாவது, உங்கள் பேச்சு. மெட்டு உங்களுடையது என்று நோட்டீஸில் எழுதச் சொல்கிறீர்கள். தெம்மாங்கு மெட்டு ஊருக்குப் பொது. அதில் உரிமை கோரினால் உங்கள் நியாயமான கோரிக்கையும் சேர்ந்து நம்பகத்தன்மை இழக்கும். உங்களுக்கு இருப்பது வரிகள் மட்டும். அதிலும், பாட்டி பாடிய கும்மி அடியை எடுத்து வளர்த்தேன் என்று ஒரு யூடியூப் பேட்டியில் பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். நான்கு வரிப் பல்லவியில் எத்தனை வரி பாட்டியுடையது? குறுக்கு விசாரணையில் அந்தப் பேட்டியைத்தான் முதலில் போட்டுக் காட்டுவார்கள். இனிமேல் பேட்டியும் வேண்டாம், முகநூலில் திருடன் என்று எழுதுவதும் வேண்டாம். அது அவதூறு வழக்கை வரவழைக்கும். ஆதாரமில்லாமல் மிரட்டுகிறார் என்று 60ஆம் பிரிவின்கீழ் அவர்களே முந்திக்கொண்டு வேற்றூர் நீதிமன்றத்தில் உங்கள்மேல் வழக்குத் தொடுக்கவும் இடமுண்டு.

போலீஸ் புகாரை மறந்துவிடுங்கள். 63ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டுதான். ஆனால் கையில் உரிமப் பத்திரம் வைத்திருப்பவரிடம் குற்றமனம் இருந்ததென்று காட்டுவது கடினம், நிலையத்தில் இதை உரிமையியல் தகராறு என்றே சொல்வார்கள். படத்தை நிறுத்தும் இடைக்காலத் தடையும் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. பாட்டின் காணொளியைப் படம் வருவதற்கு முன்பே பார்த்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பார்த்தும் சும்மா இருந்தவருக்கு, பணத்தால் ஈடுகட்டக்கூடிய இழப்புக்காக ஒரு முழுப் படத்தை நிறுத்த நீதிமன்றங்கள் தயங்கும். அவசர நிவாரணம் இல்லாத வணிக வழக்கு, தொடுக்கும் முன் கட்டாயச் சமரச முயற்சிக்குப் போக வேண்டும் என்பதை 2022இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது. எப்படியும் அந்த மேசையில்தான் உட்காரப்போகிறீர்கள். 2008 முதல் கம்பெனி சம்பாதித்ததை எல்லாம் கேட்கலாம் என்ற கணக்கும் தவறு: காலவரம்பு மூன்றாண்டுகள், அதற்கு முந்தையதை எழுதித் தள்ளுங்கள்.

எனவே வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமரசம் செய்துகொள்ளுங்கள், ஆனால் கேசட் கம்பெனியோடு அல்ல, படத் தயாரிப்பாளரோடு. அவசரம் அவருக்குத்தான், உங்களோடு தீர்த்துக்கொண்டு தமக்கு ஏற்பட்ட செலவைக் கம்பெனியிடம் கேட்டுக்கொள்ள, உரிமப் பத்திரத்தில் பெரும்பாலும் அவருக்கு வழி இருக்கும். ஓ.டி.டி. பிரதியிலும் பாட்டு ஒலிக்கும் எல்லாத் தளங்களிலும் பல்லவி உங்களுடையது என்று பெயர் வர வேண்டும். ஒரு மொத்தத் தொகை வேண்டும். கொடுப்பது அந்த ஒரு படத்தில் அந்த ஒரு பல்லவிக்கான உரிமமாக மட்டுமே இருக்க வேண்டும், உரிமை மாற்றமாக இருக்கக் கூடாது. ராயல்டிப் பங்கு பாதிக்கப்படவில்லை என்று ஒரு வரி இருக்க வேண்டும். தொகையில் இறங்கி வரலாம், இந்த மூன்று வாசகங்களில் இறங்காதீர்கள். பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் உறுப்பினர் இல்லை என்கிறீர்கள். திரைப்படம் சாராத பாடல்களையும் அங்கே பதிவுசெய்யலாம். ஆனால் உறுப்பினரானால் சில உரிமைகள் சங்கத்துக்கு மாறும் என்பதால், சமரசப் பத்திரம் கையெழுத்தான பிறகு சேர்வதே குழப்பமில்லாதது.

2009ஆம் ஆண்டுத் தாள், அல்லது அதன் நகல், கைக்கு வரும்வரை யாருக்கும் நோட்டீஸ் அனுப்ப வேண்டாம். அந்தப் பக்திப் பாடல் கம்பெனியிடம் நேரில் போய்க் கேட்கவும் வேண்டாம், உங்களுக்கு எதற்கு அது தேவைப்படுகிறது என்று அவர்களும் யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தத் தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஒலிப்பதிவாளர் இன்றும் உங்கள் ஊரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் அவரிடம் நகல் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.