கழித்துப்போட்ட கல்லில் வெள்ளி விளையுமா?

கழித்துப்போட்ட கல்லில் வெள்ளி விளைந்ததாகச் சொல்லும் வரி மொழிபெயர்ப்புப் பிழையோ என்று நீங்கள் ஐயுற்றீர்கள்; மொழிபெயர்ப்பு சரியானதே: இன்றைய பொலிவியாவில் உள்ள வெள்ளிச் சுரங்க நகரமான பொத்தோசியில் வெள்ளியில்லை என்று கழித்துவிடப்பட்ட கற்களில் ஆண்டுகள் கழித்து வெள்ளி கிடைத்ததால், உலோகம் இடைவிடாமல் விளைகிறது என்று அங்கே பாதிரியாராக இருந்த அலோன்சோ பார்பா 1640-இல் வெளியான நூலில் நம்பியே எழுதினார்.

1570-களில், அரைத்த தாதுவைப் பாதரசத்துடன் கலந்து வெள்ளியைப் பிரிக்கும் முறை அங்கு வந்தபின், உருக்கிப் பிரிக்கக் கட்டுப்படியாகாத கல்லும் வெள்ளி தந்தது என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். கல் மாறவில்லை.

இத்தகைய குறிப்புகளில், எந்தத் தாது என்பதை முதலில் பாருங்கள். இன்றைய போலந்தில் உள்ள சாகான் ஊரின் புல்வெளிகளில் தோண்டிய இரும்பு பத்தாண்டுகளில் மீண்டும் உண்டாவதாக, 16-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியச் சுரங்கவியல் அறிஞர் அக்ரிகோலா சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட வேண்டாம். நிலத்தடி நீரில் கரைந்த இரும்பு காற்றுப்பட்டுப் படிவதால், சதுப்புநிலத் தாது உண்மையிலேயே மீண்டும் சேரும். அங்கே நிலத்தைத் தரிசாக விட்டுவைப்பது நல்ல நிர்வாகமே.