கன்னத்துச் சிவப்பு அடங்குமா?

கேள்வி: வயது 38, நல்ல சிவந்த நிறம். திருப்பூர் பனியன் கம்பெனியில் அயர்னிங் வேலை. கன்னமும் மூக்கும் சிவந்து எரிகின்றன. மெடிக்கலில் வாங்கிய க்ரீம் போட்டால் அடங்குகிறது, விட்டால் இரட்டிப்பாகிறது. என்னங்க செய்வது?
– வாசகி, அவிநாசி

பதில்: ரொசேஷியாவாக, அதாவது முகம் சிவந்து எரியும் நாள்பட்ட தோல் நோயாக இருக்கலாம். ஆனால் முதல் சந்தேகம் அந்த க்ரீம் மேல்தான். ட்யூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்றிருந்தால் அது ஸ்டீராய்டு. ரத்தக்குழாயைச் சுருக்கிச் சிவப்பை மறைக்கும். நிறுத்தியதும் குழாய் விரிந்து முன்பைவிடச் சிவக்கும். தோல் மருத்துவரிடம் அந்த ட்யூபையே எடுத்துப் போங்கள், எப்படி நிறுத்துவதென்று அவர் சொல்லட்டும். ரொசேஷியாவுக்குப் பூசும் மருந்தான மெட்ரோனிடசோல் ஜெல் கொடுத்தால் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். இரண்டாம் வாரமே கைவிட்டுவிடாதீர்கள். வெயிலுக்கு ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்கிரீன், இரண்டு விரல் நீளம். அயர்ன் நீராவி முகத்தில் அடிக்காதபடி ஃபேனைத் திருப்பி வையுங்கள். டீயை ஆற்றிக் குடியுங்கள். எலுமிச்சைப் பூச்சு வேண்டவே வேண்டாம். கண்ணும் உறுத்தினால் உடனே காட்டுங்கள்.