பழைய ஆள் ஓரிடம், பழைய ஊர் வேறிடம்: ரூன்ஸ்கேப்புக்குத் திரும்ப நினைப்பவருக்கு

கேள்வி: கல்லூரி நாட்களில், 2005 முதல் 2009 வரை, முதலில் பிரவுசிங் சென்டரிலும் பிறகு விடுதி அறையிலும், இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ரூன்ஸ்கேப் விளையாடினேன். மரம் வெட்டுவதில் 80ஆம் லெவலைத் தாண்டியிருந்தேன். வேலை, திருமணம், குழந்தை என்று ஆன பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது இரவில் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. அன்று கூட விளையாடிய நண்பர்கள் இருவரும் வரத் தயாராக இருக்கிறார்கள். பழைய கணக்கை மீட்க முடியுமா? ரூன்ஸ்கேப் 3, ஓல்டு ஸ்கூல் என்று இரண்டு இருக்கின்றனவே, எதில் சேர்வது? பணம் கட்டித்தான் ஆக வேண்டுமா?

பதில்: இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் விடை அதைப் பொறுத்தே அமையும். நீங்கள் விட்டுச் சென்ற விளையாட்டு இன்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அந்தப் பாகப்பிரிவினையில் உங்கள் பழைய கதாபாத்திரம் ஒரு வீட்டுக்கும், அது நடமாடிய பழைய ஊர் இன்னொரு வீட்டுக்கும் போய்விட்டன. இரண்டையும் சேர்த்து ஓரிடத்தில் பெற வழியில்லை. ஆகவே உங்களுக்கு வேண்டியது அந்த ஆளா, அந்த ஊரா என்பதைத்தான் முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்து ஜாகெக்ஸ் நிறுவனத்தின் ரூன்ஸ்கேப் 2001 ஜனவரியில் வெளிவந்தது. 2012 நவம்பரில் அதன் சண்டை முறையையே நிறுவனம் மாற்றியமைத்தது. எதிரியைச் சொடுக்கிவிட்டுக் காத்திருந்த எளிய முறை போய், திரையின் அடியில் பல திறன்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக அழுத்தும் முறை வந்தபோது, பழைய ஆட்டக்காரர்கள் பெருமளவில் வெளியேறினார்கள். அவர்களை மனத்தில் வைத்து, 2007 ஆகஸ்ட் மாதத்துக் காப்புநகல் ஒன்றை வெளியே எடுத்து, அதை மீண்டும் திறக்கலாமா என்று நிறுவனம் வாக்கெடுப்பு நடத்தியது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களிக்க, 2013 பிப்ரவரி 22 அன்று ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் திறக்கப்பட்டது. மூல விளையாட்டு அதே ஆண்டு ஜூலையில் ரூன்ஸ்கேப் 3 என்ற பெயர் பெற்றுத் தன் வழியே போயிற்று.

திரும்பி வருபவர்களில் பலர் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தைத்தான். 2007 காப்புநகல் என்றதும், 2007இல் தாம் வைத்திருந்த லெவலும் பொருள்களும் அதில் இருக்கும் என்று நம்பி ஆவலோடு நுழைகிறார்கள். எடுக்கப்பட்டது உலகம் மட்டுமே. அதில் வாழ்ந்தவர்கள் எடுக்கப்படவில்லை. ஓல்டு ஸ்கூலில் எல்லாரும் பயிற்சித் தீவிலிருந்து ஒன்றாம் லெவலில்தான் தொடங்கினார்கள், நீங்களும் அப்படித்தான் தொடங்குவீர்கள். உங்கள் 80 லெவல் மரவெட்டி ரூன்ஸ்கேப் 3இல் இருக்கிறார். ஒரே கணக்கைக் கொண்டு இரண்டுக்குள்ளும் நுழையலாம் என்றாலும், ஒன்றின் சொத்து மற்றொன்றுக்கு வராது.

நீங்கள் 2009 வரை ஆடியவர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2008இல் வந்த, துணைக்கு உயிரினங்களை வரவழைக்கும் சம்மனிங் என்ற திறன் உங்கள் நினைவில் இருக்கும். ஓல்டு ஸ்கூலில் அது கிடையாது, காரணம் அந்த உலகம் அதற்கு முந்தியது. 2007 நவம்பரில் வந்த, ஆட்டக்காரர்கள் பொருள்களை வாங்கி விற்கும் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் சந்தையும் முதலில் இல்லாமல்தான் இருந்தது. ஆட்டக்காரர்கள் வாக்களித்த பிறகு 2015இல் சேர்க்கப்பட்டது. அங்கே எந்தப் பெரிய மாற்றமும் வாக்கெடுப்புக்கு வந்துதான் நடக்கும். தொடக்கத்தில் 75 விழுக்காடு ஆதரவு தேவைப்பட்டது, 2022 முதல் 70 விழுக்காடு போதும். இப்படி வாக்களித்து வாக்களித்தே 2016இல் கோரெண்டு என்ற புதிய நிலப்பகுதியும், 2024இல் வார்லமோரும், 2025 நவம்பரில் கப்பலோட்டுதல் என்ற புதிய திறனும் சேர்ந்துவிட்டன. ஆகவே அதை உறைந்துபோன 2007 என்று எண்ணிவிடாதீர்கள். பழைய தெருக்கள் அப்படியே இருக்க, ஊர் மட்டும் வெளிப்பக்கமாக வளர்ந்திருக்கிறது.

என் பரிந்துரை இது: ரூன்ஸ்கேப் 3க்குள் இரண்டு மூன்று இரவுகள் சென்று பழைய ஆளைப் பார்த்துவிட்டு வாருங்கள், தொடர்ந்து ஆடுவதற்கு ஓல்டு ஸ்கூலைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மணி நேரமே கையில் உள்ளவருக்கு அதுதான் பொருந்தும். 2018 அக்டோபர் முதல் அதைக் கைப்பேசியிலும் ஆடலாம். கணினியில் விட்ட இடத்திலிருந்து அதே கதாபாத்திரத்தைத் தொடரலாம். குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டே ஒரு கையால் மீன் பிடிக்கும் அளவுக்கு அது பொறுமையான விளையாட்டு. ரூன்ஸ்கேப் 3 அழகானதுதான், கதைகளும் செறிவானவை. ஆனால் அன்றாடம் முடிக்க வேண்டிய சிறு வேலைகள் அதில் பல. இருக்கும் ஒரு மணி நேரத்தை அவையே தின்றுவிட்டால், ஒரு மாதத்தில் சலித்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

கணக்கை மீட்பதைப் பற்றி. அன்று நுழையப் பயன்படுத்திய பயனர்பெயரை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் முகவரியால் நுழையும் வழக்கம் பிற்பாடுதான் வந்தது. உங்கள் காலத்துக் கணக்குகளுக்குப் பெயரே சாவி. அந்தக் காலத்துக் கடவுச்சொல்லில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்கப்படவில்லை, குறியீடுகளுக்கும் இடமில்லை. எழுத்துகளும் எண்களும் மட்டுமே. ஆகவே மூளையைக் கசக்கும்போது தேட வேண்டிய பரப்பு நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது. கடவுச்சொல் கிடைக்காவிட்டால் ஜாகெக்ஸ் தளத்தின் கணக்கு மீட்புப் படிவத்தை நிரப்ப வேண்டும். பழைய கடவுச்சொற்கள், கணக்கு தொடங்கிய காலம், அப்போது இருந்த ஊர், இணைய இணைப்பு தந்த நிறுவனம், பணம் கட்டியிருந்தால் அதன் விவரம் ஆகியவற்றை அது கேட்கும்.

அவசரப்பட்டு அரைகுறையாக நிரப்பாதீர்கள். ஒரு மாலை முழுவதும் ஒதுக்கிப் பழைய மின்னஞ்சல் பெட்டிகளையும், பரணில் கிடக்கும் கல்லூரி நோட்டுகளையும் புரட்டிப் பாருங்கள். என் கணக்கு மீண்டது அப்படித்தான்: மூன்றாம் ஆண்டு ஆய்வகக் குறிப்பேட்டின் கடைசித் தாளில், பென்சிலில், பாதி அழிந்த நிலையில் எட்டு எழுத்துகள் இருந்தன, அவற்றுக்குக் கீழே, எந்த நண்பனுக்கு எத்தனை இரும்புக் கட்டி தர வேண்டும் என்ற கணக்கும் இருந்தது. கணக்கு கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதைப் புதிய ஜாகெக்ஸ் கணக்காக மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, விளையாட்டுக்குள் வங்கிக்கு நான்கு இலக்கப் பின் எண்ணும் வைத்துவிடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு கணக்கை மீட்டுத் தருவதாகச் சொல்லும் எவரையும் நம்ப வேண்டாம். அந்த வேலையைச் செய்ய நிறுவனத்தைத் தவிர வேறு எவருக்கும் வழியில்லை.

ரூன்ஸ்கேப் 3க்குள் நுழைந்ததும் திரை முழுவதும் சாளரங்களாகத் தெரியும், மிரள வேண்டாம். வங்கியைத் திறந்து பாருங்கள், ஆனால் எதையும் உடனே விற்காதீர்கள், எவருக்கும் கொடுக்காதீர்கள். அன்று விளையாட்டாக வாங்கி வைத்த பண்டிகைத் தொப்பி ஒன்று இன்று உங்கள் மற்றச் சொத்து அனைத்தையும்விட விலை போகக்கூடும். கிராண்ட் எக்ஸ்சேஞ்சில் அதன் விலையைப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். சண்டை முறை பிடிபடவில்லை என்றால் திறன்களைத் தானாக இயக்கும் ரெவல்யூஷன் முறையை வைத்துக்கொள்ளலாம். அங்கேயே தங்க முடிவு செய்தால், ஆவிகளை ஏவிச் சண்டையிடும் நெக்ரோமான்சியிலிருந்து தொடங்குவது நல்லது. 2023 ஆகஸ்டில் வந்த திறன் அது. பழையவரும் புதியவரும் ஒன்றாம் லெவலில் தொடங்கி 120 வரை ஏற வேண்டியது. அதற்கான ஆயுதமும் கவசமும் அதன் போக்கிலேயே கிடைக்கின்றன என்பதால், இத்தனை ஆண்டு இடைவெளி அதில் குறுக்கே நிற்பதில்லை.

இனி ஓல்டு ஸ்கூல். அன்று போலப் பிரவுசருக்குள் ஜாவா வழியாக இப்போது அது ஓடாது. விளையாட்டைத் திறக்கும் மென்பொருளான ஜாகெக்ஸ் லாஞ்சரை அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். விளையாட்டைக் கூடுதல் வசதிகளோடு ஆடப் பலரும் பயன்படுத்தும் ரூன்லைட் என்ற மென்பொருளை நிறுவனமே அனுமதித்திருக்கிறது. அதையும் அந்த லாஞ்சர் வழியாகவே திறங்கள், தேடுபொறியில் வரும் விளம்பர இணைப்பைச் சொடுக்காதீர்கள். இந்தியாவிலிருந்து சர்வர்கள் தொலைவில் உள்ளன என்று கவலைப்பட வேண்டாம். இந்த விளையாட்டு 0.6 வினாடிக்கு ஒரு துடிப்பு என்ற கணக்கில் இயங்குகிறது. உங்கள் சொடுக்கு எப்போது போய்ச் சேர்ந்தாலும் அடுத்த துடிப்பில்தான் செயலாகும் என்பதால், சற்று மந்தமான இணைப்பும் தொடக்க நாட்களில் இடைஞ்சல் செய்யாது.

லெவலைப் பற்றிய உங்கள் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு திறனில் 99ஆம் லெவலை எட்ட 1,30,34,431 அனுபவப் புள்ளிகள் தேவை. அதில் சரிபாதி 92ஆம் லெவலில்தான் முடிகிறது. 70ஆம் லெவலுக்கோ 7,37,627 புள்ளிகள், அதாவது முழுத் தொகையில் ஆறு விழுக்காட்டுக்கும் குறைவு. ஒரு மணிக்கு 50,000 புள்ளிகள் சேர்ப்பதாக வைத்துக்கொண்டால், 70ஐ இரண்டு வாரத்தில் தொடலாம், 99க்கு எட்டரை மாதம் ஆகும். உங்களைப் போன்றவருக்கு ஒரே திறனில் 99 ஏறுவதைவிடப் பல திறன்களில் 50, 60, 70 என்று பரவலாக ஏறுவது எவ்வளவோ பலன் தரும், ஏனென்றால் குவெஸ்டுகள் எனப்படும் கதைப் பணிகளின் கதவுகள் அந்த அளவில்தான் திறக்கின்றன. குவெஸ்டுகளே லெவலையும் ஏற்றிவிடும்: பணம் கட்டும் உறுப்பினர்களுக்கான அருவி குவெஸ்டை முடித்தால் தாக்குதலுக்கும் வலிமைக்கும் தலா 13,750 புள்ளிகள் கிடைக்கும், ஒன்றாம் லெவலில் இருப்பவர் இரண்டிலும் நேராக 30க்குப் போய்விடுவார். வழியில் உள்ள பூதங்களோடு சண்டையிட வேண்டியதில்லை, ஓடியே கடக்கலாம்.

செத்துவிடுவோமோ என்ற பழைய பயமும் வேண்டாம். இப்போது இறந்த இடத்தில் உங்கள் பொருள்கள் ஒரு கல்லறையில் 15 நிமிடம் காக்கப்படும். அதற்குள் போய்ச் சேர முடியாவிட்டாலும் கட்டணம் கட்டிப் பெரும்பாலானவற்றை மீட்கலாம். வடக்கே உள்ள வில்டர்னெஸ் மட்டும் இதற்கு விலக்கு. அங்கே மற்ற ஆட்டக்காரர்கள் உங்களைக் கொன்று எடுத்துக்கொள்ளலாம் என்பது இன்றும் மாறவில்லை. கவசத்துக்கு இலவசமாகப் பூவேலை செய்து தருகிறேன், கொடுத்த பணத்தை இரட்டிப்பாக்குகிறேன் என்று சொல்லி ஏமாற்ற உங்கள் காலத்தில் நின்றவர்களின் வாரிசுகள் இன்னும் அதே சந்தையில் நிற்கிறார்கள்.

பணம் கட்டுவது குறித்து: முதல் இரண்டு வாரம் கட்டாதீர்கள். இலவச உலகங்களிலேயே (அதாவது பணம் கட்டாதவர்களும் ஆடும் சர்வர்களிலேயே) லம்பிரிட்ஜ், வாராக், ஃபலடோர் ஆகிய பழைய ஊர்கள் எல்லாம் இருக்கின்றன. ஆசை உண்மைதானா, ஒரு மணி நேரம் உண்மையாகவே கிடைக்கிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். கிடைத்தால் ஒரே ஒரு மாதத்துக்கு உறுப்பினராகுங்கள், தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை உடனே நிறுத்திவிடுங்கள். பாண்டு என்ற ஒன்றும் இருக்கிறது: விளையாட்டுக்குள் சேர்த்த காசைக் கொடுத்து அதை வாங்கினால் 14 நாள் உறுப்பினர் உரிமை கிடைக்கும். ஆனால் தொடக்கக்காரர் அந்தக் காசைச் சேர்க்கவே தம் மாலைகளை எல்லாம் செலவிட நேரும் என்பதால் இப்போதைக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வெளித் தளங்களில் விளையாட்டுக் காசை விலைக்கு வாங்குவது விதிமீறல், கணக்கே முடக்கப்படலாம்.

நண்பர்கள் இருவரும் வருகிறார்கள் என்பது எனக்கு உங்கள் கடிதத்திலேயே பிடித்த செய்தி. இரண்டு முதல் ஐந்து பேர் சேர்ந்து, வெளியாருடன் கொடுக்கல் வாங்கலே இல்லாமல் தங்களுக்குள் மட்டும் பங்கிட்டு வாழும் குரூப் அயர்ன்மேன் என்ற முறை 2021இல் வந்தது. மூவருக்கும் ஒரே நேரம் ஒழியும் என்றால் அதைவிட நல்லது இல்லை. ஒருவர் மாதக்கணக்கில் வர முடியாமல் போகலாம் என்றால் மற்ற இருவரும் தவிப்பார்கள், அப்போது சாதாரணக் கணக்கே போதும்.

எந்த முறையாக இருந்தாலும் முதல் வாரத்துக்கு ஒரு யோசனை. நம் காலத்தில் ஒரு மரத்தை இருவர் வெட்டினால் போட்டி. கட்டை யாருக்கு விழுகிறதோ அவருக்கு லாபம், மரம் சாய்ந்ததும் இருவரும் அடுத்த மரத்துக்கு ஓட வேண்டும். 2023இல் ஓல்டு ஸ்கூல் இதைத் திருப்பிப் போட்டுவிட்டது: ஒரே மரத்தில் பலர் நின்று வெட்டினால் ஒவ்வொருவரின் திறனும் கண்ணுக்குத் தெரியாமல் சற்று உயர்கிறது. சாதாரண மரத்தில் சுமார் 100 கட்டை, பிறகு ஓக் மரத்தில் சுமார் 300 கட்டை வெட்டினால் 30ஆம் லெவல் வந்துவிடும். வில்லோ மரம் வெட்ட அது போதும். மூவரும் ஓர் உலக எண்ணைப் பேசி வைத்துக்கொண்டு, சனிக்கிழமை இரவு டிரேனர் கிராமத்து வங்கிக்கு அருகே, தண்ணீரோரம் நிற்கும் வில்லோ மரங்களில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பை நிறைய 28 கட்டைகள். பத்தடி நடந்தால் வங்கி.