பதில்: பரிமாற்றத்துக்குத் தேர்ந்தெடுத்த பாடம் திடீரெனப் பட்டியலில் இல்லை

ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு பருவம் படிக்கும் மாணவர் பரிமாற்றத்துக்குத் தேர்ந்தெடுத்த நான்கு பாடங்களில் ஒன்று இப்போது பட்டியலில் இல்லை, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாமா என்று கேட்டிருந்தீர்கள். பெற வேண்டாம். ஒரு பாடம் காணாமல் போனதால் பொதுவாக உங்கள் இடம் பறிபோகாது. கற்றல் ஒப்பந்தத்தில் (அங்கே படிக்கப்போகும் பாடங்களைப் பட்டியலிடும் ஆவணம்) அந்த ஒரு வரியை மாற்றி, நீங்கள், உங்கள் துறை, அங்குள்ள பல்கலைக்கழகம் என மூன்று தரப்பும் மறுபடி கையெழுத்திட்டால் போதும்.

போன வருடப் பட்டியலைப் பார்த்துத் திட்டமிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஐரோப்பாவில் பல பாடங்கள் வருடத்துக்கு ஒரு பருவத்தில் மட்டும்தான் நடக்கும்.

பாடத்தின் பக்கத்தில் கல்வியாண்டு, பருவம், பயிற்று மொழி மூன்றையும் பாருங்கள். அப்புறம் மாற்றுப் பாடத்தின் ஈசிடிஎஸ் (ECTS) புள்ளிகள், அதாவது ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பாடத்தின் சுமையை அளக்கும் அலகு. அங்கே ஒரு பருவத்தின் முழுச் சுமை 30. 6 புள்ளிப் பாடம் போன இடத்தில் 5 புள்ளிப் பாடத்தை வைத்தால் மொத்தம் 29 ஆகிவிடும். திரும்பி வந்து அந்தப் புள்ளிகளை இங்கே கணக்கில் சேர்க்கும்போது அந்த ஒரு புள்ளிக்காக அலைய வேண்டிவரலாம். அதனால் இரண்டு மாற்றுகளை, முழுப் பாடத்திட்டத்தோடு, பரிமாற்ற ஒருங்கிணைப்பாளருக்கு இன்றே அனுப்புங்கள்.

ஆனால் ஒன்று: அவர் வாய்மொழியாகச் சரி என்று சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள். ஒப்புதல் எழுத்தில் வரட்டும். எந்தத் தேதிவரை மாற்றலாம் என்பதும் இரு பல்கலைக்கழகங்களில் வெவ்வேறாக இருக்கலாம், இரண்டையும் கேளுங்கள்.